எண்ணூறு கிலோமீட்டரில் கலேமி

கெமேனாவிலிருந்து கலேமி எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், நீங்கள் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்வது வழக்கம். தேசிய வான்தூர ஆணையத்தில் என்றால் எண்ணூறு கிலோமீட்டர். மற்றவர்களுக்கு ஆயிரத்து நானூற்றைம்பது.

கெமேனா எங்கள் காங்கோவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கலேமி தென்கிழக்கில், தங்கனீக்கா ஏரிக்கரையில். நடுவே காடு, ஆறு, மறுபடியும் காடு. வரைபடத்தில் சாலை என்று போட்டிருக்கும் சிவப்புக் கோடு அச்சகக்காரர் போட்ட பிச்சை. ஆகவே விமானத்தை விட்டால் வழியில்லை. விமானத்தில் ஏற வேண்டுமென்றால் ஆணையத்தின் காலில் விழாமல் முடியாது.

ஆணையத்தின் தலைமை இயக்குநர் மேதகு ழான்-போஸ்கோ லோக்வா. போன சுதந்திர தினத்தன்று கின்ஷாசாவில் மேடை போட்டு, தலைக்கு மேல் ஒருவன் குடை பிடிக்க, அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நாங்கள் எல்லோரும் வானொலியில் கேட்டோம்.

"தூரம் என்பது பெல்ஜியக்காரன் விட்டுச் சென்ற வியாதி! நாம் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அவன் இந்த நாட்டை இவ்வளவு பெரிதாக அளந்துவைத்தான். அவன் அளந்த கிலோமீட்டரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இன்று முதல் இந்த நாட்டில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்காது!"

கைதட்டல் ஓய்ந்த பிறகு ஆணையம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. பயணிகளுக்கென்று அவர்களிடம் இருந்தது மணிக்கு நானூறு கிலோமீட்டர் பறக்கும் ஒரே ஒரு பழைய விசிறி விமானம். ஒன்று, வேகமான விமானம் வாங்க வேண்டும். இல்லையென்றால் தூரத்தைக் குறைக்க வேண்டும். இதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழு ஆற்றங்கரை ஓட்டல் ஒன்றில் பல மாதம் தங்கி, சுட்ட மீனாகச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு, தூரத்தைக் குறைத்தது. கலேமி மக்களுக்கு, உங்கள் ஊர் நெருங்கி வந்துவிட்டது என்று வானொலியில் வாழ்த்தும் சொன்னார்கள்.

இதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் விமானத்துக்கு எரிபொருள் அளந்து ஊற்றுவதும் அதே ஆணையம்தான். ஆணையம் சொல்லும் தூரத்துக்குத்தான் ஆணையம் ஊற்றும்.

நான் மக்காச்சோள வியாபாரி. கெமேனாவில் சோளத்தை விற்றுவிட்டு கலேமிக்குப் போய், ந்தகாலா கருவாடு வாங்கி வருவேன். புதிய தூரம் வந்த பிறகு கிளம்பிய முதல் விமானத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. இதை அதிர்ஷ்டம் என்று என் மனைவி சொன்னாள்.

அனத்தோல் டாவிலியை நிலையத்து வரிசையில்தான் முதலில் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். இரவல் கோட்டு, கடிக்கிற புதுச் செருப்பு, மார்போடு அணைத்த மூட்டையில் விருந்துக்குச் சமைக்கப் புகைபோட்ட புழு. கலேமியில் கிடைக்காத நல்ல கெமேனாப் புழு.

"தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் தம்பி," என்றார் நான் கேட்காமலே. "நொவெல்லான்னு பேரு. நான்தான் நோகோ."

நோகோ என்றால் தாய்மாமன். எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு படி மேலே நிற்பவன். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் ஆட்டை நோகோ கையால் வாங்க வேண்டும். பிறகு ஒரு வாய் தண்ணீர் எடுத்து, குனிந்த பெண்ணின் தலைமேல் வாயாலேயே தூவி ஆசி சொல்ல வேண்டும். அதுவரைக்கும் பாதிரியார் சொன்னாலும் நகராட்சி சொன்னாலும் அது கல்யாணம் இல்லை. நோகோ வர முடியாமல் போனால் காத்திருப்பார்கள். ஆனால் நோகோ ஊருக்குள் வந்தும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்றால் பெண்ணை அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்தப் பெண்ணை எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள்.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் டாவிலி குனிந்து கேட்டார். "ஏம்மா, இன்னிக்கி வியாழன். சனிக்கிழம கல்யாணம். போய்ச் சேந்துருவேனா?"

"ரெண்டே மணி நேரம், பெரியவரே."

"எம்மச்சான் நாலு மணி நேரத்துக்குக் கொறையாதுன்னான்."

"அது பழைய கலேமி. இப்ப கிட்ட வந்துருச்சு."

"ஊரு எப்பிடிம்மா கிட்ட வரும்?"

"மேலிடத்து உத்தரவு. வரலன்னா ஊருக்குத்தான் கேடு."

டாவிலி இதை ஒப்புக்கொண்டார். மேலிடத்து உத்தரவில் இதைவிடப் பெரியவை நடந்ததை அவர் வயதில் பார்த்திருந்தார்.

விமானத்தில் ஏறியதும் ஆணையத்தின் தூரப் பார்வையாளர் முன்னால் வந்து நின்றார். பெயர் பொலாம்பா. மஞ்சள் நிறத்தில் மூன்று துண்டுச் சூட்டு, முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கும் காலணி, கழுத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் அளக்கும் கடிகாரம். எங்களுக்குக் கைதட்டப் பயிற்சி கொடுத்தார்.

"ரெண்டு மணி நேரம் ஆன ஒடனே நான் கையத் தூக்குவேன். எல்லாரும் தட்டணும். எங்க, ஒரு தடவ? த்சு, போதாது. சாவு வீட்டுல தட்டுற மாதிரி தட்டுறீங்க."

"எறங்குன பெறகுதானே ஐயா தட்டணும்?" என்று கேட்டார் டாவிலி.

"எறங்குறது விமானியோட வேல. வந்து சேர்றது ஆணையத்தோட வேல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

விமானி காப்டன் ட்ஷிபாங்குவை எனக்குப் பழக்கம் உண்டு. அவர் உள்ளே போகும்போது கையைப் பிடித்தேன். "காப்டன், எண்ணெய் போதுமா?"

"எனக்குக் குடுத்த தூரத்துக்குப் போதும்."

"மிச்ச தூரத்துக்கு?"

"மிச்ச தூரம்னு ஒண்ணு இல்லன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கப்பா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இந்த மாதிரி ஆட்கள் ரகசியமாகக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவைத்திருப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். நாட்டில் எல்லோரும் அப்படி நினைத்துத்தான் எதிலும் ஏறுகிறோம்.

விமானம் பறந்தது. டாவிலி ஆசிக்கான வார்த்தைகளை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். கீழே காடு, பிறகு ஆறு, பிறகு காடு. அதே காடு தீரும் முன்பே பொலாம்பா எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக் கையைத் தூக்கினார். பழக்கதோஷத்தில் நாங்களும் தட்டினோம்.

"கலேமி உங்களை அன்போடு வரவேற்கிறது," என்றார் பொலாம்பா.

டாவிலி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "ஐயா, மரமா இருக்கே."

"கலேமியில மரம் இருக்கக் கூடாதா?"

விமானி அறையிலிருந்து குரல் வந்தது. "பொலாம்பா, எண்ணெ முள்ளு கீழ போவுது. என்ன செய்ய?"

"வந்தாச்சு இல்ல? எறக்கு."

"எதுமேல?"

"காப்டன், ஊரைக் குடுக்கிறது எங்க பொறுப்பு. தரையக் கண்டுபிடிக்கிறது ஓம் பொறுப்பு."

அந்த ஒரு நிமிடத்தில் விமானத்திலிருந்த அத்தனை பேரும் அத்தனை சாமிகளையும் கூப்பிட்டோம். ட்ஷிபாங்கு நல்ல கைக்காரர். பெல்ஜியக்காரன் காலத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் கைவிடப்பட்ட பழைய ஓடுபாதை அவர் கண்ணில் பட்டது. விமானம் வெள்ளையாக எதன் மீதோ இறங்கி, வழுக்கி, ஒரு மாமரத்துக்கு முன்னால் மூக்கைக் குத்தி நின்றது. இந்த முறை யாரும் சொல்லாமலே கைதட்டினோம், காப்டனுக்கு.

வெள்ளையாக இருந்தது மரவள்ளிக் கிழங்கு. ஊரே சேர்ந்து உரித்து, ஊறவைத்துக் காயப்போட்டிருந்த கிழங்கு. ஒலெங்கா என்ற பெண்மணி உலக்கையோடு ஓடிவந்தாள்.

"எவன்டா அது? அத்தாம் பெரிய வானத்துல எடமில்லன்னா எங்கிழங்கு மேல வந்து எறங்குன?"

பொலாம்பா ஏணியில் நின்று, காலணியில் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டு, கையை விரித்தார். "கலேமி மக்களே!"

"இது யபெகே," என்றாள் ஒலெங்கா.

"நேத்து வரைக்கும்."

யபெகேயில் கைபேசிக் கோபுரம் கிடையாது. பொலாம்பாவிடம் மட்டும் வானத்துக்கே பேசும் தடித்த தொலைபேசி ஒன்று இருந்தது. அதில் கின்ஷாசாவைக் கூப்பிட்டு, விமானம் குறித்த நேரத்தில் கலேமியை அடைந்துவிட்டது என்று சொன்னார். பிறகு ஒலெங்காவிடம் மத்தியானத்துக்கு என்ன சமையல் என்று கேட்டார். அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கிழங்குக் களியும் கீரையும் வந்தது.

டாவிலி அப்போது பயப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, வேறு விமானம் அனுப்புவார்கள் என்றிருந்தார். சாயங்காலம் ஒலெங்கா வீட்டு வானொலியில் செய்தி வந்தது.

"கெமேனாவிலிருந்து புறப்பட்ட முதல் இரண்டு மணி நேர விமானம் இன்று கலேமியில் இறங்கியது. பயணிகள் ஆனந்தக் கண்ணீரோடு தத்தம் உறவினர் வீடுகளுக்குச் சென்றனர்."

டாவிலி கையிலிருந்த களி உருண்டையை அப்படியே தட்டில் வைத்தார். "எந்தங்கச்சி தெனம் ரேடியோ கேப்பா. அது சொல்றதுதான் அவளுக்கு வேதம்," என்றார்.

எழுந்து பொலாம்பாவிடம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, அந்த போனக் கொஞ்சம் குடுங்க. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த, நான் இன்னும் வரலன்னு சொல்லிக்கிறேன். நோகோ ஊருக்குள்ள வந்துட்டு வீட்டுக்கு வரலன்னா என்னன்னு ஒங்களுக்கும் தெரியுமே. நீங்களும் ஒரு தாய் வயித்துல பொறந்தவர்தானே."

"தங்கச்சி எங்க இருக்காங்க?"

"கலேமியில."

"நாம எங்க இருக்கோம்?"

டாவிலி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இது வெளியூர் போன், நோகோ," என்றார் பொலாம்பா மிகவும் கனிவாக. "உள்ளூருக்கெல்லாம் இதுல பேசக் கூடாது. நடந்து போய்ச் சொல்லிட்டு வாங்க."

எனக்கு அந்த மஞ்சள் கோட்டைக் கழற்றி அவர் வாயில் திணிக்க வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. செய்யாததற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

கல்யாண நாளான சனிக்கிழமை காலையில் ஹெலிகாப்டர் வந்தது. தலைமை இயக்குநர் லோக்வா, செயலாளர், புகைப்படக்காரர், நாலு பேர் கொண்ட மேளக் கோஷ்டி, அப்புறம் 'கலேமி விமான நிலையம்' என்று எழுதிய நீளமான பலகை. ஹெலிகாப்டருக்கு எந்தத் தூரக் கணக்கில் எண்ணெய் ஊற்றினீர்கள் என்று அதன் விமானியிடம் கேட்டேன். பழைய கணக்கு என்றான். மேதகு வரும்போது எப்போதும் பழைய கணக்குதானாம்.

பலகையை மாமரத்தில் கட்டினார்கள். லோக்வா ஒரு கிழங்குக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிப் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், கலேமி எங்கே என்று. நான் கேட்கிறேன், ஆணையம் எங்கே இறங்குகிறதோ அதைத் தவிர வேறெங்கே கலேமி இருக்க முடியும்? சிலர் உண்மையான தூரம் என்கிறார்கள். நண்பர்களே, உண்மைக்கு ஒதுக்கீடு செய்ய எங்களிடம் நிதி இல்லை! உள்ள நிதியில் வெற்றிதான் கிடைக்கும். அதைத்தான் தந்திருக்கிறோம்!"

மேளம் முழங்கியது. ஓடுபாதையில் கிழங்கு காயப்போட்டது குற்றம் என்று செயலாளர் ஒலெங்காவுக்கு எச்சரிக்கை கொடுத்தார். டாவிலி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். இரவல் கோட்டைப் போட்டு, பொத்தானெல்லாம் மாட்டியிருந்தார்.

"மேதகு ஐயா, ஒங்க ஹெலிகாப்டர்ல எனக்கு ஒரு எடம் குடுங்க. தரையில ஒக்காந்துகூட வரேன்."

"எங்கே போகணும், பெரியவரே?"

"கலேமிக்கு."

லோக்வா சிரித்தார். அவர் சிரித்ததால் செயலாளர் சிரித்தார், பொலாம்பா சிரித்தார், மேளக்காரர்களும் சிரித்தார்கள்.

"வந்த ஊருக்கே போகணும்கிறாரு பாருங்க! வெயில் தலைக்கேறிடுச்சு."

"ஐயா, இது கலேமின்னா ஏரி எங்க?"

"ஏரி நீர்வளத் துறையோடது. எழுதியிருக்கோம். அவங்க எப்பவுமே தாமதம்."

"எந்தங்கச்சி வீடு?"

லோக்வா செயலாளரைப் பார்த்தார். "அது நகராட்சி, ஐயா," என்றார் செயலாளர்.

டாவிலியின் கண் நிறைந்துவிட்டது. அந்த வயதில் ஒரு மனிதர் அத்தனை பேர் முன்னால் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் அவரை ஓரமாக அழைத்துப் போய்த் தோளில் கைபோட்டார்.

"நோகோ, இப்பிடி எடுத்தவொடன கேட்டா பெரிய மனுசங்களுக்குப் புடிக்காது. முதல் பயணின்னு ஒங்களுக்கு ஒரு பதக்கம் வெச்சிருக்கோம். வாங்கிக்கிட்டு அவர் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க. நல்லா சிரிங்க. அப்புறம் எடத்தப் பத்தி நானே பேசுறேன்."

டாவிலி போய் நின்றார். மேலே பலகை, பக்கத்தில் லோக்வா, கோட்டில் பதக்கம். இன்னும் சிரிங்க என்றான் புகைப்படக்காரன். அவர் இன்னும் சிரித்தார். மருமகளின் கல்யாணத்துக்காக அந்த மனிதர் பல் மொத்தமும் தெரியச் சிரித்தார்.

பிறகு ஹெலிகாப்டர் கிளம்பியது. பொலாம்பாவுக்கு இடம் இருந்தது, காப்டனுக்கும் இருந்தது. மேளத்துக்குத் தனி இடம் இருந்தது. டாவிலி கை நீட்டியபடி காற்றில் கொஞ்ச தூரம் ஓடினார், புழு மூட்டையோடு. ஒலெங்காதான் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அழாத நோகோ. ரெண்டு மணி நேரத்துல எவனும் எங்கயும் போனதில்ல. நட, போயிருவ," என்றாள்.

மற்றவர்கள் வேறு விமானம் வருமென்று காத்திருக்க, அவரும் நானும் நடந்தோம். லோமாமி ஆறு வரை நடை, அதன் பிறகு ஓடம், பிறகு சேற்றில் புதையும் மோட்டார் சைக்கிள். கிண்டு நகரம் வந்ததும் டாவிலி ஒரு கடைக்காரனிடம் கைபேசி இரவல் வாங்கித் தங்கையைக் கூப்பிட்டார். கூச்சலாகப் பேசினாள், எனக்கே கேட்டது.

"எங்கேர்ந்து பேசுற?"

"கிண்டுவுலேர்ந்து, கோட்லீவ். கேளு, என்ன நடந்துச்சுன்னா..."

"கலேமியில எறங்கிட்டு கிண்டுவுக்கு எதுக்குண்ணா ஓடுன? எங்க மூஞ்சியில முழிக்கப் புடிக்கலயா?"

அழைப்பு துண்டானது. மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. நேரில் போய்ச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அங்கிருந்து ரயில். நாட்டில் எந்த ஆணையமும் இன்னும் குறைக்காத தூரம் அதுதான். ரயில் நின்று நின்று அதை முழுவதுமாகக் கடந்தது.

கலேமியில் இறங்கியபோது யபெகேயை விட்டுக் கிளம்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏரி இருந்தது, கருவாட்டு வாசனை இருந்தது. ரயில் நிலையச் சுவரில் ஆணையத்தின் பெரிய சுவரொட்டியும் இருந்தது. எந்த வழியாக எங்களுக்கு முன்பே வந்ததோ, கண்டிப்பாகப் பழைய கணக்கில்தான் வந்திருக்கும். அதில் 'கலேமி விமான நிலையம்' என்ற பலகைக்குக் கீழே, லோக்வாவின் பக்கத்தில், பதக்கத்தோடு, பல் மொத்தமும் தெரிய டாவிலி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில், அடுத்த ஆண்டு ஒரே மணி நேரம் என்று போட்டிருந்தது.

டாவிலி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அந்தச் சுவரைத் தாண்டாமல் இந்த ஊரில் யாரும் சந்தைக்குப் போக முடியாது.

வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். முற்றத்தில் ஆடு கட்டும் முளை மட்டும் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, கொடுத்த துணிமணியையும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி எங்களிடம் ரகசியக் குரலில் சொன்னாள். தாய்மாமனே சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு, வாசலை எட்டிப் பார்க்காமல் போனான் என்றால் பெண்ணிடம் என்ன குறையோ என்று அவர் ஊர் கேட்கச் சொன்னாராம். தங்கை கோட்லீவ் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. நொவெல்லாதான் வந்து வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"கலேமிக்கு வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சே, நோகோ," என்றாள். "இப்பதான் நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சிச்சா?"

அவர் வாயைத் திறந்தார். ரேடியோ, கிழங்கு, மேளம், பலகை, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "எண்ணூறு கிலோமீட்டர்னு தப்பா..." என்று ஆரம்பித்தபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் ஆணையத்து ஆள் என்று நினைத்திருப்பாள்.

டாவிலி மூட்டையைக் கீழே வைத்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார்.

கேட்டவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லும் வீடு இல்லை அது. செம்பில் கொண்டுவந்து தள்ளி நின்று நீட்டினாள். அவர் ஒரு வாய் எடுத்து, கன்னம் உப்ப, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குனியவில்லை. நிமிர்ந்து நின்றபடி செம்புக்காகக் கை நீட்டிக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் அந்தத் தண்ணீரை விழுங்கிவிட்டார்.